எரிந்த ஏடுகளும் எஞ்சிய எழுத்தும்: மாயா, ஆஸ்டெக் சாதனைகளை மதிப்பிடும் முறை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பண்டைய மாயா, ஆஸ்டெக் நாகரிகங்களின் சாதனைகள் பெரும்பாலும் ஒரு பட்டியலாகவே எடுத்துரைக்கப்படுகின்றன. சுழியம், நாட்காட்டி, பிரமிடு, வானியல் எனத் தொடரும் அப்பட்டியல், இருவேறு காலங்களில் வாழ்ந்த இருவேறு மக்களை ஒன்றாக்கிவிடுகிறது. அச்சாதனைகள் எத்தேவையின் பொருட்டு எழுந்தன, அவற்றை நாம் எச்சான்றுகளின் வழி அறிகிறோம் என்னும் வினாக்களுக்கு அதில் இடமில்லை. டிரெஸ்டன் சுவடி, டியெகோ தெ லண்டாவின் யுகத்தான் பற்றிய நூல், பெர்னார்தினோ தெ சஹாகுன் தொகுத்த புளோரன்ஸ் சுவடி ஆகியவற்றை முன்வைத்து இப்பட்டியல் முறையை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது. மாயா எழுத்து படிக்கப்பட்ட வரலாறு, தெனோச்தித்லான் நகரின் நீர் மேலாண்மை, மக்காச்சோளத்தைப் பதப்படுத்தும் முறை ஆகியன இதில் விரிவாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மாயா எழுத்து, டிரெஸ்டன் சுவடி, புளோரன்ஸ் சுவடி, தெனோச்தித்லான், சினாம்பா, நிக்ஸ்தமால், சான்றுத் திறனாய்வு.

முன்னுரை

நடு அமெரிக்க நாகரிகங்கள் குறித்துப் பாடநூல்களும் பொது அறிவு நூல்களும் பேசும்போது, 'மாயர்களும் ஆஸ்டெக்குகளும்' என்னும் இணைத்தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. இவ்விணைப்பைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மாயா நகரங்களின் செவ்வியல் காலம் ஏறத்தாழக் கி.பி. 250 முதல் 900 வரை. திக்கால் நகரில் காலக்குறிப்புடன் நாட்டப்பட்ட கடைசிக் கல் கி.பி. 869ஆம் ஆண்டுக்குரியது. ஆஸ்டெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லான் நிறுவப்பட்டதாக மரபு கூறும் ஆண்டு 1325. அந்நகர் எழுந்தபோது திக்காலின் அரண்மனைகளைக் காடு மூடி நானூறு ஆண்டுகள் கடந்திருந்தன. இரண்டு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். மொழிகளோ ஒன்றோடொன்று தொடர்பற்ற இருவேறு குடும்பங்களைச் சார்ந்தவை.

மேலும் ஒரு முரண் உண்டு. காலத்தால் முந்தியவர் எனப்படும் மாயா மக்களே பிந்தியும் நின்றனர். தெனோச்தித்லான் 1521 ஆகஸ்டு 13 அன்று வீழ்ந்தது. கடைசி மாயா அரசின் தலைநகரான நோக்பெத்தேன் 1697இல்தான் எசுப்பானியர் வசமாயிற்று. எனவே, 'பண்டைய' என்னும் அடைமொழியே இரண்டுக்கும் ஒரே பொருளில் பொருந்துவதாகாது.

பெயர்கள் தரும் சிக்கல்

'ஆஸ்டெக்' என்பது அம்மக்கள் தமக்கு அன்றாடம் வழங்கிய பெயரன்று. தம் முன்னோர் புறப்பட்ட இடமாக அவர்கள் சொல்லிவந்த 'ஆஸ்த்லான்' என்னும் தொன்ம நிலத்தின் பெயரிலிருந்து ஆக்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலான வழக்கு அது. தெனோச்தித்லானில் வாழ்ந்தோர் 'மெஷிகா' எனப்பட்டனர். 'மாயா' என்னும் பெயரும் அத்தகையதே. எசுப்பானியர் யுகத்தானில் கேட்டறிந்த அப்பெயர் மாயாபான் என்னும் நகரோடு தொடர்புடையது. செவ்வியல் காலத்து நகரத்தார் அனைவரையும் ஒருங்கே சுட்டும் பொதுப்பெயராக அது அக்காலத்தில் வழங்கவில்லை. திக்கால் அரசு தன்னை 'முத்துல்' என்றே கல்லில் பொறித்துக்கொண்டது. (இதனைத் தமிழ் 'முத்து'வோடு இணைக்க எவரும் முற்படாதிருக்க வேண்டும்.)

இவ்வெச்சரிக்கைக்குக் காரணம் உண்டு. சிலப்பதிகாரம் முதலாகப் பேசப்படும் தெய்வத் தச்சனான மயனையும் மாயா மக்களையும் தொடர்புபடுத்தும் கூற்று தமிழ்ச் சூழலில் அவ்வப்போது எழுகிறது. இதற்கு அடிப்படை ஒலியொப்புமை ஒன்றே. அம்மக்கள் தமக்கு வழங்காத ஒரு பெயரிலிருந்து அவர்தம் மூலத்தைத் தேடுவது முறையாகாது. ஒரு மக்கள் தம் கையால் கட்டியதை வேறொருவரின் கொடையாக்கிப் புகழ்வது, புகழ்ச்சியின் வடிவில் நிகழும் பறிப்பே எனலாம்.

எரித்தவரும் எழுதிவைத்தவரும்

இந்நாகரிகங்களைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி, அவற்றை அழித்தவர்களின் கைவழியே வந்தது. இதற்கு லண்டாவை விடச் சிறந்த சான்று இல்லை. பிரான்சிஸ்கன் துறவியான அவர் 1562 ஜூலை 12 அன்று யுகத்தானின் மனி என்னும் ஊரில் மாயா ஏடுகளையும் வழிபாட்டு உருவங்களையும் திரட்டித் தீயிட்டார். அவ்விசாரணையில் மாயா மக்கள் பலர் சித்திரவதைக்கு உள்ளாயினர். அவ்வேடுகளில் மூடநம்பிக்கையும் பேயின் பொய்களும் தவிர வேறெதுவும் இல்லாமையால் எரித்ததாகவும், அதனால் அம்மக்கள் பெரிதும் வருந்தியதாகவும் அவரே எழுதிவைத்துள்ளார். தம் செயல்களுக்கு விளக்கம் அளிக்க எசுப்பானியா சென்ற அவர், ஏறத்தாழ 1566இல் யுகத்தான் மக்களின் வாழ்வு, நாட்காட்டி, எழுத்து ஆகியவற்றை விரித்துரைக்கும் நூலொன்றை இயற்றினார். பின்னர் ஆயராக அதே நிலத்துக்குத் திரும்பினார். மூலம் கிடைக்கவில்லை. அதன் சுருக்கப் படி ஒன்றை 1862இல் பிரசேர் தெ பூர்பூர் மத்ரித் நூலகமொன்றில் கண்டெடுத்தார். மாயா எழுத்தைப் படிப்பதற்கான திறவுகோல் அப்படியில்தான் இருந்தது.

இன்று நம்மிடம் எஞ்சியுள்ள மாயா ஏடுகள் நான்கே. டிரெஸ்டன், மத்ரித், பாரிஸ் நகரங்களின் பெயரால் மூன்று அறியப்படுகின்றன. நான்காவது, நீண்ட காலம் போலியென ஐயுறப்பட்டு, 2018இல் மெக்சிகோவின் தேசிய மானுடவியல், வரலாற்று நிறுவனத்தால் மெய்யானது என உறுதிசெய்யப்பட்டது. நான்கு ஏடுகளைக் கொண்டு ஓர் அறிவு மரபை அளப்பதன் எல்லையை ஆய்வாளர் எப்போதும் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஏடெரிப்பை எசுப்பானியரின் செயலாக மட்டும் கருதுவதும் முழு உண்மையாகாது. 1427 முதல் 1440 வரை தெனோச்தித்லானை ஆண்ட இத்ச்கோவாத்ல், பழைய வரலாற்று ஏடுகளை எரிக்கச் செய்தான் என்னும் செய்தியைச் சஹாகுனுக்குத் தகவல் தந்த நாவா முதியோரே கூறியுள்ளனர். 1428இல் மூன்று நகரங்களின் கூட்டணி அமைந்து பேரரசு உருவான காலம் அது. புதிய அரசுக்குப் புதிய கடந்தகாலம் தேவைப்பட்டது. எனவே, மெஷிகா மக்கள் தம்மைப் பற்றிச் சொன்ன வரலாறும் ஏற்கெனவே ஒருமுறை வடிகட்டப்பட்ட வரலாறே.

சஹாகுன் தொகுத்த புளோரன்ஸ் சுவடி பன்னிரண்டு நூல்களைக் கொண்டது. ஏறத்தாழ 1577இல் நிறைவுற்றது. ஒரு பத்தியில் நாவாட்ல் மொழியும் மறுபத்தியில் எசுப்பானியமும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களும் அமைந்த இப்பெருநூலைச் 'சஹாகுனின் நூல்' என வழங்குவதே ஒரு மயக்கம். த்லதெலோல்கோவில் 1536இல் தொடங்கப்பட்ட கல்லூரியில் இலத்தீனும் கற்ற நாவா அறிஞர்கள் கேட்டு, எழுதி, ஒழுங்குசெய்த நூல் இது. அந்தோனியோ வலேரியானோ, அலோன்சோ வெகெரானோ, மார்த்தீன் கக்கோபித்தா, பெத்ரோ தெ சான் புவெனவெந்துரா ஆகியோரின் பெயர்களைச் சஹாகுனே குறித்துள்ளார். எசுப்பானியப் பத்தி பல இடங்களில் நாவாட்ல் பத்தியின் மொழிபெயர்ப்பாக அமையாது, சுருக்கமாகவும் விலகலாகவும் அமைந்துள்ளது. ஆகவே, எந்தப் பத்தியை ஆதாரமாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும்.

பன்னிரண்டாம் நூல் இதற்கு எடுத்துக்காட்டு. மொக்தெசுமா எசுப்பானியத் தலைவன் கோர்த்தெசைத் தெய்வமென மயங்கி அஞ்சி நடுங்கினான் என்னும் புகழ்பெற்ற கதைக்கு அந்நூல் முதன்மையான சான்றாகக் காட்டப்படுகிறது. அது நிகழ்வுக்குப் பின் ஒரு தலைமுறை கழித்துத் திரட்டப்பட்டது; தகவலாளர்களில் முதன்மையானோர் தெனோச்தித்லானோடு பழம்பகை கொண்டிருந்த த்லதெலோல்கோவினர். தோல்விக்கான பழியைத் தெனோச்தித்லான் மன்னன்மேல் ஏற்ற அவர்களுக்குக் காரணம் இருந்தது. கமில்லா டவுன்சென்ட் 2003இல் வெளியிட்ட கட்டுரையில் இக்கதையின் நம்பகத்தன்மையை விரிவாகக் கேள்விக்குட்படுத்தினார். ஆயினும், 'வானியலில் வல்லவர். எனினும் வந்தவரைத் தெய்வமென நம்பிய வெள்ளந்திகள்' என்னும் சித்திரம் பொது நூல்களிலிருந்து இன்னும் விலகவில்லை.

எழுத்து படிக்கப்பட்டதும் சாதனையின் பொருள் மாறியதும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாயா ஆய்வை ஆண்ட கருத்து, சில்வானஸ் மோர்லியும் எரிக் தாம்சனும் வளர்த்தது. மாயா நகரங்கள் சடங்கு மையங்கள். அங்கு வாழ்ந்தோர் காலத்தையும் விண்மீன்களையும் வழிபட்ட அமைதியான பூசகர்கள். கல்வெட்டுகள் பேசுவன நாள், கோள், தெய்வம் பற்றி மட்டுமே. மனிதர் பெயரோ வரலாறோ அவற்றில் இல்லை என்பது அக்கருத்தின் சாரம். தாம்சன் பெரும் அறிஞர். எழுத்துக் குறிகளுக்கு அவர் அமைத்த எண்வரிசை இன்றும் பயன்படுகிறது. ஆனால் அவ்வெழுத்து பேச்சொலியைக் குறிக்கவில்லை என்பதில் அவர் இறுதிவரை உறுதியாக நின்றார்.

இங்கு லண்டாவின் 'நெடுங்கணக்கு' குறுக்கிடுகிறது. எசுப்பானிய எழுத்துகளுக்கு நிகரான மாயா எழுத்துகளைத் தருமாறு அவர் தம் மாயா உதவியாளரைக் கேட்டார். எசுப்பானிய எழுத்தை அதன் பெயரால் உச்சரித்தே அவர் கேட்டிருத்தல் வேண்டும்: 'பெ', 'செ', 'கு' என்றவாறு. கேட்டவர் எதிர்பார்த்தது தனி மெய். எழுதியவர் தந்தது அசை. உயிர்மெய் முறையில் பழகிய தமிழ் வாசகருக்கு இம்மயக்கத்தை விளக்க வேண்டியதில்லை. 'க்' எனக் கேட்க விரும்பியவர் 'கு' எனக் கேட்டால் 'கு' என்னும் உயிர்மெய்யே கிடைக்கும். ஆனால் மூன்று நூற்றாண்டுக்குப் பின் அப்பட்டியலைக் கையாண்ட ஐரோப்பிய அறிஞர்கள் அதனை அகரவரிசையாகவே கருதி வாசிக்க முயன்று தோற்று, லண்டாவின் சான்று பயனற்றதென ஒதுக்கினர். இறுதியில் ஒரு தொடரை எழுதிக் காட்டுமாறு வற்புறுத்தப்பட்ட அவ்வுதவியாளர், தமக்கு விருப்பமில்லை எனப் பொருள்படும் தொடரை எழுதினார். லண்டா அதனையும் உள்ளபடியே பதிவுசெய்துள்ளார்.

லெனின்கிராடைச் சார்ந்த யூரி குனோரோசொவ் 1952இல் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலை அவிழ்த்தது. லண்டா பட்டியலின் குறிகள் அசைகள் என்று கொண்டு அவற்றை டிரெஸ்டன் சுவடியின் படங்களுக்கு மேலுள்ள குறிகளோடு அவர் பொருத்திப் பார்த்தார். வான்கோழிப் படத்தின் மேல் இரண்டு குறிகள். முதலாவது லண்டாவின் 'கு'. வான்கோழிக்கு யுகத்தான் மாயா மொழியில் 'குத்ஸ்' என்று பெயர். எனவே இரண்டாவது குறி 'த்சு' ஆதல் வேண்டும். சொல்லின் ஈற்றில் உயிர் ஒலிக்காது. நாயின் படத்துக்கு மேல் அதே 'த்சு' முதலிலும் லண்டாவின் 'லு' அடுத்தும் வருகின்றன: 'த்சுல்'. அது நாயைக் குறிக்கும் சொல்லே. ஒரு குறிக்கு ஊகித்த ஒலி, வேறொரு சொல்லில், வேறொரு படத்தால் உறுதிப்படுகிறது. எழுத்தாய்வில் இதனினும் தூய்மையான நிறுவல் அரிது.

இதன் வரவேற்பு அறிவுலகத்துக்குப் பெருமை தருவதன்று. பனிப்போர்க் காலச் சூழலில், சோவியத் இதழில் வந்த ஆய்வு என்பதே அதனை ஒதுக்கப் போதுமானதாயிற்று. அக்கட்டுரை வெளிவந்த இதழின் முன்னுரையில் இருந்த அரசியல் முழக்கமும் எதிர்ப்பாளருக்கு உதவியது. தாம்சன் கடுமையாக மறுத்தார். குனோரோசொவின் பல தனி வாசிப்புகள் தவறானவை என்பதும் உண்மையே. நெறி சரியாக இருந்தது, பயன்பாட்டில் பிழைகள் இருந்தன. மாயா நிலத்தை நேரில் காணும் வாய்ப்பு அவருக்கு வாழ்வின் இறுதிப் பத்தாண்டில்தான் கிட்டியது.

இதற்கிடையே ஒலியை அறியாமலேயே மற்றொரு வாயில் திறக்கப்பட்டது. ஹைன்ரிஷ் பெர்லின் 1958இல் நகரங்களுக்குரிய சின்னக் குறிகளை அடையாளம் கண்டார். கட்டடக் கலை பயின்ற தத்தியானா புரோஸ்கோரியாகோஃப், பியெத்ராஸ் நெக்ராஸ் நகரின் கற்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் உள்ள நாள்களின் இடைவெளி ஒரு மனித ஆயுளைத் தாண்டவில்லை என்பதை 1960இல் சுட்டிக்காட்டினார். அந்நாள்கள் பிறப்பு, அரியணை ஏற்றம் முதலியவற்றைக் குறித்தன. பூசகராகவும் தெய்வமாகவும் கருதப்பட்ட உருவங்கள் அரசராகவும் அரசியராகவும் மாறின. எளிய கழித்தல் கணக்கு ஒன்று, அரை நூற்றாண்டுக் கருத்தைச் சாய்த்தது. தாம்சனும் இதனை ஏற்றுக்கொண்டார் என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். 1973இல் பலென்கேவில் நடந்த வட்டமேசைக் கூட்டத்தில் லிண்டா சீல், பீட்டர் மாத்யூஸ், ஃபிளாய்டு லவுன்ஸ்பரி ஆகியோர் அந்நகர அரசர் வரிசையைச் சில மணி நேரத்தில் மீட்டமைத்தனர். 615 முதல் 683 வரை ஆண்ட பக்கால் மன்னன் அதன் மையம்.

இன்று அக்கல்வெட்டுகளின் பெரும்பகுதி படிக்கப்படுகிறது. 562இல் திக்கால் அடைந்த தோல்வியும், 695இல் அது கலாக்முல் மீது கொண்ட வெற்றியும் நாள் குறிப்போடு தெரியும். 682இல் நரங்கோவுக்கு வந்து அரசாண்ட 'ஆறு வானம்' என்னும் அரசியைத் தெரியும். குவளைகளில் தம் பெயரைப் பொறித்துக்கொண்ட எழுத்தர்களைத் தெரியும். அமைதியான வானியல் அறிஞர்களை இழந்தோம். போரிட்ட, மணவுறவு கொண்ட, பொய்யும் பெருமையும் பேசிய மனிதர்களைப் பெற்றோம். முன்னதை இன்னும் 'மாயா சாதனை' எனக் கற்பிப்போர், 1960க்கு முந்தைய நூல்களையே கற்பிக்கின்றனர்.

இப்புதிய வரலாற்றுக்கும் எல்லை உண்டு. கல் பேசுவது அரண்மனையின் குரலை. உழவர் அதில் இல்லை. குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதியில் 2,100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை வானிலிருந்து லேசர் கதிரால் அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, 60,000க்கு மேற்பட்ட கட்டுமானங்களையும், உயர்த்திய சாலைகள், வாய்க்கால்கள், படிநிலை வயல்கள் ஆகியவற்றையும் காட்டியது. செவ்வியல் காலப் பிற்பகுதியில் நடுத் தாழ்நிலத்தின் மக்கள்தொகை எழுபது இலட்சம் முதல் ஒரு கோடியே பத்து இலட்சம் வரை இருந்திருக்கலாம் என அவ்வாய்வாளர்கள் கணித்தனர். எழுத்து விட்ட இடைவெளியை நிலம் ஓரளவு நிரப்புகிறது.

வெள்ளிக் கோளின் கணக்கும் சுழியமும்

டிரெஸ்டன் சுவடியின் வெள்ளிக் கோள் அட்டவணை, மாயா வானியலின் உச்சமெனக் கருதப்படுவது. டிரெஸ்டன் நூலகரான எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் கணக்கை விளக்கினார். வெள்ளி ஒருமுறை தன் தோற்ற மறைவுகளை முடிக்க 584 நாள். ஐந்து சுற்றுகள் 2,920 நாள். அது 365 நாள் கொண்ட எட்டு ஆண்டுகளுக்குச் சமம். 65 சுற்றுகள் 37,960 நாள். அது 104 ஆண்டுகளுக்கும், 260 நாள் கொண்ட சடங்கு நாட்காட்டியின் 146 சுற்றுகளுக்கும் சமம். மெய்யான சராசரி 583.92 நாள் ஆதலால், 65 சுற்றுகளில் ஐந்து நாள் பிசகும். அதனைச் சரிசெய்யும் எண்களும் அட்டவணையின் முகப்பிலேயே தரப்பட்டுள்ளன.

பட்டியல் முறை இத்துடன் நிறைவுறும். ஆனால் அட்டவணைக்குள் சென்றால் வேறொன்று புலப்படும். 584 நாள்கள் 236, 90, 250, 8 என நான்காகப் பிரிக்கப்பட்டுள்ளன. விடிவெள்ளியாகவும் அந்திவெள்ளியாகவும் அக்கோள் காணப்படும் காலங்கள் உண்மையில் ஏறத்தாழச் சமம். ஒவ்வொன்றும் 263 நாள் அளவினது. நடுவே அது மறையும் காலம் 90 நாள் அன்று, ஏறத்தாழ 50 நாள். வானைத் தொடர்ந்து நோக்கிய மக்கள் இதனை அறியாதிருந்தனர் எனல் பொருந்தாது. மொத்தத்தில் துல்லியம் காத்து, உட்பிரிவுகளில் சடங்குக்கு இசைந்த எண்களை வைத்துக்கொண்டனர் என்பதே ஏற்புடையது. விடிவெள்ளியின் முதல் தோற்றம் யாருக்குத் தீங்கு தரும் என்பதே அவ்வட்டவணை விடை தேடும் வினா. அதே சுவடியில் 405 நிலவுச் சுற்றுகளை 11,960 நாளாக வகுத்துள்ள கிரகண அட்டவணையும் 260இன் மடங்காகவே அமைந்துள்ளது. இதனை 'அறிவியல்' என்று மட்டும் சொன்னால் பாதி மறையும். 'மூடநம்பிக்கை' என்றால் மறுபாதி மறையும். லண்டா செய்தது இரண்டாவது. நம் பாடநூல்கள் செய்வது முதலாவது.

சுழியம் பற்றியும் ஒரு தெளிவு தேவை. மாயா எண்முறை இருபதின் அடிப்படையிலானது. நாள் கணக்கில் மட்டும் மூன்றாம் இடம் 400 ஆகாமல் 360 ஆகும். சிப்பி வடிவில் எழுதப்பட்ட சுழியக் குறி ஏடுகளில் வெற்றிடத்தை நிரப்புகிறது, கி.பி. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே சுழியத்தைக் காண்கிறோம். நாள்களைத் தொடக்க நாளிலிருந்து எண்ணும் நீள்கணக்கு (தமிழில் 'நெடுங்கணக்கு' எழுத்து வரிசையைக் குறிப்பதால் இச்சொல் ஆளப்படுகிறது) இச்சுழியத்தின் களம். ஆனால் அந்நீள்கணக்கின் மிகப் பழைய சான்றுகளான சியாப்பா தெ கோர்சோ (கி.மு. 36), த்ரெஸ் சபோத்தெஸ் (கி.மு. 32) கற்கள் மாயா நிலத்துக்கு வெளியே கிடைத்தவை. மாயா மக்களின் தனிப்பெருஞ் சாதனையெனப் போற்றப்படுவது, அவர்கள் அண்டையாரிடம் பெற்றுச் செம்மைப்படுத்தியதாக இருக்கக்கூடும்.

2012 டிசம்பர் 21இல் உலகம் அழியும் எனப் பரவிய செய்தியையும் இங்கு நினைவுகூரலாம். அந்நாளில் நீள்கணக்கின் ஒரு பெருஞ்சுற்று நிறைவுற்றது, அவ்வளவே. பலென்கேவின் கல்வெட்டுக் கோயில் கி.பி. 4772இல் வரவிருக்கும் ஒரு நாளைப் பக்காலின் அரியணை ஏற்றத்தோடு தொடர்புபடுத்திப் பேசுகிறது. உலகம் 2012இல் முடியுமென நம்பியோர் அதனைக் கல்லில் வெட்டியிருக்க மாட்டார்கள்.

ஏரியின் மேல் ஒரு நகரம்

தெனோச்தித்லானை மதிப்பிடப் பிரமிடுகளிலிருந்து தொடங்குவது பொருந்தாது. நீரிலிருந்து தொடங்க வேண்டும். தெஸ்கோகோ ஏரியின் நீர் உப்பு. நகர் அதன் நடுவே ஒரு தீவு. குடிநீர் சபுல்தெபெக் குன்றின் ஊற்றுகளிலிருந்து இரட்டைக் கால்வாய் வழியே வந்தது. ஒன்றைத் தூய்மை செய்யும்போது மற்றொன்றில் நீர் ஓடும். இவ்வேற்பாட்டைக் கோர்த்தெசே தம் மடலில் வியந்து குறித்துள்ளார். 1521 முற்றுகையில் முதலில் துண்டிக்கப்பட்டவற்றுள் அதுவும் ஒன்று. 1449 வெள்ளத்துக்குப் பின், தெஸ்கோகோ மன்னன் நெசவால்கோயோத்லின் வழிகாட்டலில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நீளமுள்ள கரை எழுப்பப்பட்டது. உப்புநீரை ஒருபுறம் நிறுத்தி, நன்னீர்ப் பகுதியில் வேளாண்மைக்கு வழிசெய்த கரை அது.

அவ்வேளாண்மையின் அலகு சினாம்பா. இதனை 'மிதக்கும் தோட்டம்' என எழுதுவது இன்றும் தொடரும் பிழை. சினாம்பா மிதப்பதில்லை. ஆழமற்ற ஏரியில் சேற்றையும் நீர்த்தாவரங்களையும் அடுக்கி, ஓரத்தில் அவெகோத்தே மரங்களை நட்டு வேரால் இறுக்கிய நிலைத்த பாத்தி அது. வாய்க்கால் சேறே உரம், வாய்க்காலே பாதை. சோச்சிமில்கோவில் இன்றும் இவை பயிரிடப்படுகின்றன. கரையின் பொருளை உணராத குடியேற்ற ஆட்சியில், 1629 வெள்ளம் மெக்சிகோ நகரை ஐந்து ஆண்டுகள் நீரில் வைத்திருந்தது. வென்றவர்கள் நகரைக் கைப்பற்றினர். அதை இயக்கும் அறிவைக் கைப்பற்றவில்லை.

கணக்கறிவிலும் மெஷிகாவையும் அதன் அண்டை நகரங்களையும் நாட்காட்டியோடு நிறுத்திவிட முடியாது. தெஸ்கோகோ பகுதியின் 1540களைச் சார்ந்த நிலச் சுவடிகளில் வயல்களின் பக்க அளவும் பரப்பும் குறிக்கப்பட்டுள்ளன. முழு அளவில் அடங்காத நீளத்தை அம்பு, இதயம், கை ஆகிய குறிகளால் காட்டினர். பார்பரா வில்லியம்ஸ், மரியா தெல் கார்மன் ஹோர்ஹே ஆகியோர் 2008இல் அப்பரப்புகளைக் கணித்த நெறிகளை மீட்டெடுத்தனர். வரி விதிக்க வேண்டிய அரசின் கணக்கு அது.

வரி என்னும் சொல், புகழுரைகள் தவிர்க்கும் இடத்துக்கு நம்மைக் கொண்டுசெல்கிறது. மெந்தோசா சுவடியில் ஊர்தோறும் திறையாக வந்த பருத்தி ஆடை, இறகு, கக்காவோ, தானியம் ஆகியன வரிசையாக வரையப்பட்டுள்ளன. தெனோச்தித்லானின் சிறப்பு, திறை செலுத்தியோரின் உழைப்பு. அவர்களுள் பலர் 1519இல் எசுப்பானியரோடு சேர்ந்ததற்கும் அதுவே காரணம்.

நரபலியைப் பேசாத மதிப்பீடும் நேர்மையானதன்று. 1487இல் பெருங்கோயில் புதுப்பிப்பின்போது நான்கு நாளில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் பலியிடப்பட்டதாகக் குடியேற்றக் காலக் குறிப்பு கூறுகிறது. இரவும் பகலும் ஓயாது நடந்தாலும் மணிக்கு எண்ணூறு பேருக்கு மேல், இது நிகழக்கூடியதன்று. வென்றவரின் நியாயத்துக்கும் வீழ்ந்த அரசின் வீம்புக்கும் ஒருசேரப் பயன்பட்ட எண் அது. மறுபுறம், பலியே எசுப்பானியரின் கட்டுக்கதை என்போரும் உண்டு. 2015 முதல் மெக்சிகோ நகரின் நடுவே அகழப்பட்ட மண்டையோட்டுக் கோபுரத்தில் அறுநூறுக்கு மேற்பட்ட மண்டையோடுகள் கிடைத்துள்ளன. பெண்கள், குழந்தைகள் ஆகியோருடையனவும் அவற்றுள் உள. இவ்வகழ்வு இரு சாராருக்கும் இடம் தரவில்லை.

பட்டியலில் இடம்பெறாத சாதனை

நடு அமெரிக்க மக்கள் அனைவரும் அன்றாடம் செய்த, எந்தக் கல்லிலும் பெருமையாகப் பொறிக்கப்படாத ஒரு செயல் உண்டு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரிலோ சாம்பல் நீரிலோ வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, அரைப்பது. நாவாட்ல் மொழியில் இதற்கு நிக்ஸ்தமால் என்று பெயர். சாம்பலைக் குறிக்கும் சொல் அதன் முதல் உறுப்பு. இவ்வாறு செய்கையில் தோல் கழன்று மாவு பிசைய வருகிறது. உடல் ஏற்க இயலாத வடிவில் கட்டுண்டிருக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்தும் விடுபடுகிறது.

இதன் அருமை, இது இல்லாத இடங்களில் தெரியவந்தது. ஐரோப்பியர் சோளத்தை எடுத்துச் சென்றனர். அடுக்களையை எடுத்துச் செல்லவில்லை. சோளமே முதன்மை உணவான ஏழைகளிடையே பெலாக்ரா நோய் தோன்றியது. 1735இல் காஸ்பார் கசால் எசுப்பானியாவில் அதனை விவரித்தார். வட இத்தாலியிலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் அது பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. நியாசின் அதற்கு மருந்தென்பது 1937இல்தான் தெளிவாயிற்று. அம்மிமுன் அமர்ந்த மாயா, நாவா பெண்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்ட அறிவு அது. சாதனைப் பட்டியல்களில் இஃது ஏன் இடம்பெறவில்லை என்பது, பட்டியலிட்டோரைப் பற்றிய வினா.

இரப்பரும் இவ்வகையினதே. மரப்பாலோடு ஒருவகை இரவுப்பூக் கொடியின் சாற்றைக் கலந்து, துள்ளும் தன்மையுள்ள பந்தாக்கும் முறை கி.மு. 1600 அளவிலேயே எல் மனத்தியில் இருந்தது. 'சக்கரம் அறியாதவர்' என்னும் வழக்கமான குறையும் இங்கே கருதத்தக்கது. வெராகுருஸ் பகுதியில் சக்கரம் பூட்டிய களிமண் உருவங்கள் கிடைத்துள்ளன. வண்டியை இழுக்கும் விலங்குதான் அந்நிலத்தில் இல்லை.

தமிழருக்கும் இந்நாகரிகங்களுக்கும் மெய்யான தொடர்பு ஒன்று உண்டெனில் அது இவ்வடுக்களை வழி வந்தது. அங்கிருந்து போர்த்துக்கீசியரின் கடல்வழி வந்து சேர்ந்த காய், மிளகின் பெயரால் 'மிளகாய்' ஆயிற்று. தக்காளி, மணத்தக்காளி போன்ற உள்நாட்டுச் செடியின் பெயரை ஏற்றது. 'தொமாத்ல்' என்னும் நாவாட்ல் சொல் ஆங்கிலம் வரை பயணம் செய்தும் தமிழுக்குள் வேரூன்றவில்லை. மயனைத் தேடுவோர் குழம்பிலேயே தொடர்பைக் கண்டிருக்கலாம்.

'மறைந்த' என்னும் அடைமொழி

'மாயமாய் மறைந்த மாயர்கள்' என்னும் தொடர் எதுகைக்கு இனியது, செய்தியாகப் பொய். ஒன்பதாம் நூற்றாண்டில் தென் தாழ்நில நகரங்கள் கைவிடப்பட்டன. வறட்சி, போர், அரசு நம்பகத்தின் சரிவு எனக் காரணங்கள் பல. திக்காலின் நீர்த்தேக்கங்களில் ஒன்றில் நீரை வடிகட்டச் சியோலைட் கனிமத்தைப் பயன்படுத்தியதற்கான தடயம் 2020இல் வெளியிடப்பட்டது; அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அரண்மனையை ஒட்டிய தேக்கங்களில் பாதரசமும் நச்சுப் பாசியும் கலந்திருந்ததைக் காட்டியது. செந்நிறத்துக்காக அரண்மனைச் சுவரில் பூசிய சிந்தூரக் கனிமம் மழையில் கரைந்து அரசர் குடிநீருக்குள் சென்றதென அவ்வாய்வாளர் கருதுகின்றனர். நகரங்கள் வீழ்ந்தன, மக்கள் வீழவில்லை. ஏறத்தாழ முப்பது மாயா மொழிகளை இன்று பல இலட்சம் பேர் பேசுகின்றனர். நாவாட்ல் பேசுவோரும் பத்து இலட்சத்தைத் தாண்டுவர்.

மறைந்தவர் எனச் சொல்வதற்கு விளைவு உண்டு. இடிபாடுகளைப் போற்றும் அரசு, அவற்றைக் கட்டியோரின் வழித்தோன்றல்களைக் கொல்ல அது தடையாயிருக்கவில்லை. குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போயினர் என 1999இல் உண்மை அறியும் ஆணையம் கணித்தது; அடையாளம் காணப்பட்டோருள் 83 விழுக்காட்டினர் மாயா மக்கள். கிச்சே மாயா இனத்தைச் சார்ந்த ரிகோபெர்த்தா மெஞ்சு 1992இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது இப்போர் முடியுமுன்னரே.

அப்போர்க்காலத்திலேயே, 1980களின் பிற்பகுதியில், லிண்டா சீலும் நிகோலாய் குரூபேயும் மாயா மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோருக்குப் பழைய எழுத்தைக் கற்பிக்கும் பயிலரங்குகளைக் குவாத்தமாலாவில் தொடங்கினர். லண்டாவின் முன் அமர்ந்து, எழுத விருப்பமில்லை என்று எழுதிய மனிதருக்குப் பின் நான்கு நூற்றாண்டுகள் கடந்து, அவ்வெழுத்தைத் தம் சொந்த மொழியறிவால் வாசித்துப் பார்க்கும் மாணவர்கள் அப்பலகைகளின் முன் அமர்ந்தனர்.